நல்லம்மாள் காப்பிக்கடைப் பலகை

"கடையைச் சாத்துங்கன்னு சொல்றேன், டின்னுல ஒரு கரண்டித் தூள்கூட..."

"சாத்தினா பலகை போயிரும்டி, அந்த அம்மா சூடத்து மேல அடிச்சு..."

"வேற தூள் போட்டாலும் போயிரும்னு அதே சூடத்து மேலதானே..."

"அதைத்தானே நானும் சொல்றேன்," என்றான் ரெங்கசாமி. சொன்ன பிறகுதான் தானும் மனைவி புஷ்பவல்லியும் இவ்வளவு நேரம் ஒரே கட்சியில் நின்று சண்டை போட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

கிள்ளானில் நல்லம்மாள் காப்பி என்றால் கப்பலிலிருந்து இறங்குகிறவன் மூட்டையை வைத்துவிட்டு அங்கேதான் போவான். அந்தப் பெயரை, அதே ஆற்றின் மேல்பக்கத்தில் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸில் மாட்டிக்கொள்ள ரெங்கசாமிக்கு உத்தரவு கொடுத்திருந்தார் அந்த அம்மாள். பத்திரம் கிடையாது. முனீஸ்வரன் கோயிலில் சூடத்தை அடித்துச் சத்தியம். பலகை தொங்குகிற வரைக்கும் ஒரு நாளும் அடுப்பு அணையக்கூடாது. கிள்ளானிலிருந்து ரயிலில் வருகிற தூளைத் தவிர வேறு தூள் போடக்கூடாது. எது தவறினாலும் அம்மாளே வந்து தன் கையால் பலகையைக் கழற்றிக்கொண்டு போவார். அம்மாளும் பதிலுக்குச் சூடத்தில் கை வைத்து ஏதோ சொன்னார். பயத்தில் அது ரெங்கசாமியின் காதில் விழவில்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. பந்திங்கில் இப்படிப் பெயர் வாங்கிக் கடை போட்ட ஒருவன் தூளில் கலப்படம் செய்தான். அம்மாள் மாட்டு வண்டியிலிருந்து இறங்கினார். ஒரு வாய் குடிக்கக்கூட இல்லை, தெருவில் நின்றபடியே மூக்கைச் சுருக்கினார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அதே வண்டியில் ஏறிவிட்டார். அந்த ஆள் திரும்ப ரப்பர் வெட்டப் போய்விட்டான். ரெங்கசாமியும் தண்டவாள வேலையை விட்டுவிட்டு வந்தவன்தான். பலகை போனால் கடப்பாறை அவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இருபத்தாறாம் வருஷத்து வெள்ளம் வந்தது. ரயில் பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. தூள் வரவில்லை. ஆனால் கடை மேட்டில் இருந்தபடியால் கூலி லயத்து ஜனம் முழுக்க அங்கேதான் வந்து ஒண்டியது. வாசல் படிக்குக் கீழே ஆறு ஓடியது. அது ஆறு என்று சொன்னால்தான் தெரியும். கரை என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு இல்லை. ஒரு முழு அத்தாப்பு ஓலைக் கூரை, அதன் உச்சியில் ஒரு சேவலோடு, அவசரமில்லாமல் கடந்து போனது. ஊர்வலத்துக்கு எழுந்து நிற்பதுபோல எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

சாமி போனபின் பிரசாதம் கேட்பதுபோல, உடனே எல்லோரும் காப்பி கேட்டார்கள்.

ரெங்கசாமி நேற்றைய சக்கையையே மறுபடி கொதிக்கவிட்டான். ரயில்வே கிளார்க்கு சிவசம்பு, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது கோப்பியே, கோப்பி குளிச்ச தண்ணியே?"

அடுத்தது புஷ்பவல்லியின் யோசனை. கொத்தமல்லியையும் சுக்கையும் கருக வறுத்து இடித்துப் போட்டாள். கொத்தமல்லி யாருடைய தூளும் இல்லையே, சாமி கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த ஜனத்துக்கு அது அமிர்தமாக இறங்கியது. நல்லம்மாள் கைப்பக்குவத்தை யாரால் அடிக்க முடியும் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் ரெங்கசாமி பலகையை அண்ணாந்து பார்த்தான். தனக்கு எதிரான சாட்சி பெருகிக்கொண்டே போகிறதே.

பெயர் இருந்தால்தானே குற்றம் என்று ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினான். சிவசம்பு விடவில்லை.

"நீரே கழற்றினா, ஒப்பந்தத்தை நீரே முறிச்ச மாதிரியெல்லோ. பிறகு அந்த மனுசி வர வேண்டிய தேவையே இல்லை."

பதறிப்போய்த் திரும்ப மாட்டப் போனான். ஈரக்கை. பலகை நழுவித் தண்ணீரில் விழுந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, எழுத்து மேலே தெரிய நிமிர்ந்து கிளம்பியது. ரெங்கசாமி பாய்ந்தான். புஷ்பவல்லி இழுத்தாள், அவள் கையில் வேட்டி மட்டும் வந்தது. அவன் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். ஊரே பலகையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மானம் தப்பியது.

அந்த அகண்ட தண்ணீரில் நல்லம்மாள் என்ற பெயர் சின்னதாகிக்கொண்டே போனது. சிவசம்பு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இந்த ஆறு எங்க போகுது, தெரியுமோ?"

எல்லோருக்கும் தெரியும். கிள்ளானுக்கு. முனீஸ்வரனே சாட்சியைக் கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்று ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் வடிந்தது. ரயில் இன்னும் ஓடவில்லை. சேற்றில் குளித்த ஒரு லோரி வந்து நின்றது. டிரைவர் அய்யாவு கைகொடுக்க, நல்லம்மாள் இறங்கினார். கக்கத்தில் பலகை. கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. பந்திங்கில் நடந்தது அப்படியே கண்முன் வந்து நின்றது ரெங்கசாமிக்கு. கடையில் இருந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

அம்மாள் வாய் திறக்கவில்லை. எரிகிற அடுப்பைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார். புஷ்பவல்லி மல்லிக் காப்பியை நீட்டினாள். அம்மாள் முகர்ந்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

அவ்வளவுதான், ரெங்கசாமி காலில் விழுந்தான். சக்கையைச் சொன்னான், கொத்தமல்லியைச் சொன்னான், ஸ்டூலைச் சொன்னான், வேட்டியைக்கூட விடவில்லை.

"பலகையை எடுத்துட்டுப் போங்கம்மா. சாபம் மட்டும் குடுத்துறாதீங்க."

அம்மாள் பலகையை மடியில் வைத்துத் தடவினார், அய்யாவுவைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைச் சொறிந்தான்.

"அழுது அழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போச்சுண்ணே. ஒரு நாளும் தூள் நிக்காதுன்னு சூடத்துல அடிச்சிட்டு, சத்தியம் தவறிட்டேனேன்னு, அதான் நீங்க பேரைக் கழட்டி ஆத்தோட அனுப்பிட்டீங்கன்னு வழியெல்லாம் அழுகை. மறுபடி மாட்டிக்குவீங்களான்னு என்னைக் கேக்கச் சொன்னாங்க."