சேவலுக்குக் கேட்ட மன்னிப்பு

கர்த்தருக்குள் பிரியமான தம்பி, ப்ளூபீல்ட்ஸ் சபையின் மேய்ப்பர் ஹான்ஸ்போர்டு அவர்களுக்கு,

பேர்ல் லகூனிலிருந்து உன் அக்கா ஒலிட்டா ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று இந்த வீட்டில் ஒருவர் விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நீ இங்கே வந்து நடத்திய எழுப்புதல் கூட்டத்தில் உன் அத்தான் ஆல்ஸ்டன் மேடைக்கு முன்னால் மணலில் விழுந்து அழுதாரே, நானும் கையைத் தட்டி அல்லேலூயா சொன்னேனே, அந்தக் கையாலேயே இப்போது தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். நீ படகேறிய மறுநாளே மனுஷன் ஒரு பள்ளிக்கூட நோட்டில் தான் தப்புச் செய்த ஆட்களின் பெயரையெல்லாம் எழுதி, தலையை வாரிக்கொண்டு, வீடு வீடாக மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார். முதலில் பக்கத்து வீட்டு ஐவீன். "ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்துமஸ் சமயத்துல உன் சேவல் காணாமப் போச்சே ஐவீன், அதைத் தின்னது நான்தான், மன்னிச்சிடும்மா." அந்தச் சேவலுக்காகத் தன் நாத்தனாரோடு ஒன்பது வருஷமாகப் பேசாமல் இருப்பவள் அவள். "யோவ், அவளை நான் என்னென்ன பேசியிருக்கேன்! இப்போ அவ முகத்துல எப்படிய்யா முழிப்பேன்? செத்த சேவலைச் செத்ததாவே விடக் கூடாதா?" என்று வாசலில் நின்று கத்தினாள். அன்று முதல் என்னோடும் பேச்சில்லை.

அது போகட்டும். அடுத்த ஞாயிறு ஆராதனை நடுவில் எழுந்து, புயலுக்கப்புறம் கோயில் கூரைத் தகரம் ஏழு காணாமப் போனதே, எடுத்தது நானும் ரோட்ரிக்கும்னு சாட்சி சொன்னார். தன் பாவத்தைச் சொன்னாப் போதாதா தம்பி, அடுத்தவன் பாவத்தையும் சேர்த்தா சொல்லணும்? ரோட்ரிக் இப்போ சபை மூப்பர். பாடகர் குழுவுல பாதி அவர் பிள்ளைங்க. மொத்தக் குடும்பமும் எழுந்து போயிடுச்சு. போன வாரம் பாடினது நானும் காது கேக்காத மிஸ்டர் டட்லியும்தான், அதுலயும் அவர் பாடினது வேற பாட்டு. அதோட விட்டாரா? நம்ம சமையல் கொட்டகை மேல ஏறி அந்த ஏழு தகரத்தையும் கழட்டி, தோள்ல தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டார். ஜூலை மாசம் இங்க மழை எப்படிக் கொட்டும்னு உனக்குத் தெரியும். குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தேங்காப்பால் மீன் குழம்பு வைக்கிறேன். ரொட்டி மாவு கூழாப் போச்சு. போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருக்கார். "மிஸ்டர் ஆல்ஸ்டன், சாப்பிட்டுக்கிட்டிருக்கோம், நாளைக்கு வந்து அரெஸ்ட் ஆகிக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்களாம்.

சிரிக்காதே. நான் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நாப்பத்திரண்டு பேரு. செத்துப்போன வாத்தியார் பேருகூட இருக்கு. என் பேரு இல்லை. விரல் வெச்சு ரெண்டு தடவை தேடினேன், இல்லை. என் மக லொரீன் பொறந்து நாலாம் நாள் போயிட்டாளே, அன்னிக்கு இவர் கார்ன் ஐலண்டுல எந்தப் பொம்பளை வீட்டுல இருந்தார்னு ஊருக்கே தெரியும். வேதாகமப் பள்ளியிலேர்ந்து ஓடி வந்து அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கினது நீதான். ரெண்டு மாசம் கழிச்சு வந்தார். "சாப்பாடு இருக்கா?"ன்னு கேட்டார். போட்டேன். இருபத்தாறு வருஷமாப் போட்டுக்கிட்டிருக்கேன். அதைப் பத்தி இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

மனந்திரும்புறதுன்னா இதுதானா தம்பி? நீ தொண்டை கிழியப் பிரசங்கம் பண்ணது ஒரு சேவலுக்கா? சனிக்கிழமை படகுல வந்து இவரை ஒழுங்கா மாத்திக் கொடு, முடியலேன்னா பழையபடி ஆக்கிட்டுப் போ. குடிச்சிட்டு வந்த காலத்துல நான் எதையும் எதிர்பார்க்கலை. இப்போ தினமும் எழுந்ததும், இன்னிக்குச் சொல்லுவாரோன்னு முகத்தைப் பார்க்கிறேன். அதைத்தான் தாங்க முடியலை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் கூரையையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா ஒலிட்டா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மத்தியானம் கூரையில்லாத கொட்டகையில் மழையோடு மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். வந்து தரையில் உட்கார்ந்தார். "லொரீன்" என்றார். அந்தப் பெயர் அவர் வாயில் வருவது இதுதான் முதல் தடவை. "சேதி எனக்கு அன்னிக்கே வந்துடுச்சு ஒலிட்டா. தெரிஞ்சும் வரலை. உன்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டுத்தான் மத்த வீடெல்லாம் ஏறி இறங்கினேன். என்னை மன்னிப்பியா?" என்றார். இதைக் கேட்டால் என்ன சொல்வதென்று எத்தனை வருஷமா, எத்தனை விதமா யோசிச்சு வெச்சிருந்தேன்! வாயில் வந்தது ஒண்ணுதான்: "முடியாது."

"சரி"ன்னார். எழுந்து போகலை. கத்தியை வாங்கி மீதிக் கிழங்கை உரிக்க ஆரம்பிச்சார். இப்பவும் அங்கேதான் நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்.

மேலே எழுதினதையெல்லாம் விட்டுடு தம்பி. அவரைத் திருத்த நீ வர வேண்டாம். இனி மாற வேண்டிய மனசு என்னுது. அது எப்படி மாறும்னு எனக்குத் தெரியலை. எனக்காக வா. பிரசங்கம் எதுவும் கொண்டு வராதே.