அன்புக்கரசி வேண்டாமென்ற வில்

விருத்தாசலத்தில் மரபு வில்வித்தை ஏன் இப்படிச் செழிக்கிறது என்று வருங்காலத்தில் யாராவது ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கக்கூடும். சேரர் கொடியில் வில் இருந்தது என்று தொடங்குவார்கள். சேரநாட்டுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரே குறுக்கே கிடப்பதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நடுகல், வேடர், வீரம் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஒருவரும் கொளஞ்சிநாதனின் மனைவி அன்புக்கரசியைப் போய்ப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் ஆராய்ச்சி அரைப் பக்கத்தில் முடிந்துவிடும், பட்டம் கிடைக்காது.

கொளஞ்சிநாதனுக்குப் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை. சூளையிலிருந்து வரும் இன்சுலேட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டுவார். ‘ணங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், ஓரமாகப் போய்விடும். இத்தனை வருடத்தில் அவர் காது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. தொழிற்சாலையில் இதற்கு நல்ல மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை கிடையாது. ஆனால் விரல் இருந்தது.

காலை காபியிலிருந்து தொடங்குவார். டம்ளரைத் தட்டுவார். தட்டு, குண்டான், குக்கர் மூடி, தேங்காய், கதவு, அரிசி டின், எல்லாவற்றையும் தட்டித் தீர்ப்புச் சொல்வார். முழங்கால் வலி என்று வந்து தங்கிய மாமியாரின் முழங்காலையும் ஒருமுறை தட்டிவிட்டு, “டொக்குங்குது” என்றார். அந்த அம்மாள் அன்று மத்தியானமே பெண்ணாடம் பஸ் ஏறிவிட்டார்.

தட்டுவதைத் தவிர அவருக்கு வேறொரு கொள்கையும் உண்டு. மனைவி எதை வேண்டாம் என்கிறாளோ அதைச் செய்தே தீர்வது. குடும்பத் தலைவனின் இலக்கணம் இதுதான் என்று அவர் நம்பினார். ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ் எதற்கு, வீண் ஆடம்பரம் என்றாள் அன்புக்கரசி, மறுநாளே இறக்கினார். மோட்டார் வேண்டாம், கைப்பம்பே போதும் என்றாள், போர் போட்டு மோட்டாரும் வைத்தார். மாடியில் ஒரு போர்ஷன் கட்டிவிடாதீர்கள், யார் கூட்டிப் பெருக்குவது என்றாள். மூன்றே மாதத்தில் கட்டி முடித்தார். அவள் வேண்டாம் என்று சொன்ன பொருள்களாலேயே அந்த வீடு நிறைந்திருந்தது. அவற்றுக்கு நடுவில் நிற்கும்போதெல்லாம் கொளஞ்சிநாதனுக்கு வெற்றித் தூண்களுக்கு நடுவே நிற்கும் அரசனைப் போலப் பெருமிதமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது அன்புக்கரசி மெதுவாக ஆரம்பித்தாள்.

“ஏங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சிக்காதீங்க.”

“சொல்லு.”

“மணிமுத்தாத்து மணல்ல ஞாயித்துக்கெழமை காலையில வில்லு வித்தை சொல்லிக் குடுக்கறாங்களாம். மூங்கில் வில்லு. அந்தக் காலத்து முறையாம்.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க போயிடாதீங்க.”

“நான் போறேன்னு சொன்னேனா?”

“சொல்லல. சொல்லிடுவீங்களோன்னு பயமா இருக்குது. அதெல்லாம் இந்த வயசுல வராதுங்க.”

“எந்த வயசுல?”

“சொல்லிட்டேன். வில்லைத் தொட்டீங்கன்னா வூட்டுப் பக்கம் வராதீங்க, ஆமா!”

மறுநாள் விடிந்ததும் கொளஞ்சிநாதன் ஆற்று மணலில் முதல் ஆளாக நின்றார்.

பயிற்சியாளர் சாமிக்கண்ணு வார்த்தையை வீணாக்காதவர். வில்லைக் கையில் கொடுத்தார். “இழு. நில்லு. விடு” என்றார். பாடத்திட்டம் அவ்வளவுதான். கொளஞ்சிநாதன் வில்லை வாங்கியதும் பழக்கதோஷத்தில் தட்டிப் பார்த்தார். “மூங்கில் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தார். “பேசாத” என்றார் சாமிக்கண்ணு. கல்யாணமான நாளிலிருந்து கொளஞ்சிநாதனிடம் யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

முதல் அம்பு வைக்கோல் இலக்கை நோக்கிப் போகவில்லை. கரையில் யாரோ காயப்போட்டிருந்த லுங்கியைத் தைத்தது. இரண்டாவது அம்பு காலடியிலேயே விழுந்து வணங்கியது. நாண் தெறித்து முன்கை புடைத்துச் சிவந்தது. வீட்டில் தெரியக்கூடாதென்று சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்தார்.

“கை வீங்கியிருக்குதே, விட்டுடுங்களேன்” என்றாள் அன்புக்கரசி.

விடவில்லை.

“போவுது போங்க. அந்தப் பெரிய வில்லு மட்டும் வாங்கிடாதீங்க. அதை இழுக்கத் தோளு வேணும். உங்களுக்கு எங்க இருக்குது?”

வாங்கினார். தோளும் மெல்ல மெல்ல வந்தது.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். வீம்புக்குப் போன மனிதருக்கு அது பிடித்துப்போய்விட்டது. நாணைக் காதுவரை இழுத்து மூச்சை அடக்கி நிற்கும் அந்தக் கணத்தில், உலகத்தில் எதைப் பற்றியும் அவருக்குத் தீர்ப்புச் சொல்லத் தோன்றவில்லை. அம்பு போய் வைக்கோலில் ‘தொப்’பென்று பாயும். அது நல்ல சத்தமா கெட்ட சத்தமா என்று அவர் யோசிக்கவே மாட்டார். ராத்திரி தூக்கம் நன்றாக வந்தது. டாக்டர் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார். மாமியார்கூட ஒருமுறை வந்து, சற்றே எட்ட உட்கார்ந்தபடி, ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போனார்.

ஆற்று மணலில் கூட்டமும் பெருகியது. பேட்டை ஆட்கள், பேங்க்காரர், ஜவுளிக்கடைக்காரர், ரெண்டு வாத்தியார்கள். எல்லாரும் நடுவயது. எல்லாரும் குடும்பஸ்தர்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, மரபின் மறுமலர்ச்சி என்று எழுதிக்கொண்டு போனார். பெண்ணாடத்தில் மாவட்ட அளவிலான போட்டி என்று அறிவிப்பும் வந்தது. “கொளஞ்சி, மெடல் உனக்குத்தான்” என்றார் சாமிக்கண்ணு. அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமான வாக்கியம் அதுவரை வந்ததில்லை. கொளஞ்சிநாதன் பள்ளிக்கூடத்திலும் பரிசு வாங்காதவர். அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

போட்டிக்கு முந்தைய ஞாயிறு, பயிற்சி முடிந்து டீக்கடையில் நின்றபோதுதான் விபரீதம் நடந்தது. பக்கத்து இலக்கில் அம்பு விடும் பச்சமுத்து, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, ஒரு விஷயம். இதை மட்டும் உங்ககிட்ட சொல்லிடவே கூடாதுன்னு என் வூட்டுக்காரி கண்டிஷனா சொல்லியிருக்கா.”

“அப்ப உடனே சொல்லு.”

“நீங்க வில்லு கத்துக்க வந்தப்ப அண்ணி என்ன சொன்னாங்க?”

“போகாதீங்கன்னா. வில்லைத் தொட்டீங்கன்னா வூட்டுப் பக்கம் வராதீங்கன்னா.”

பச்சமுத்து டீ கிளாஸைக் கீழே வைத்தார். “கடைசியில ‘ஆமா’ உண்டா?”

“உண்டு.”

“எனக்கும் உண்டுண்ணே.”

கொளஞ்சிநாதன் திரும்பிப் பேங்க்காரரைக் கேட்டார். அதே வாக்கியம். ஜவுளிக்கடைக்காரரைக் கேட்டார். அதே வாக்கியம். ஒரு வாத்தியார் வீட்டில் மட்டும் ‘வூட்டுப் பக்கம்’ என்பது ‘வாசப்பக்கம்’ என்று இருந்தது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் புலவர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள். இத்தனை படிகளும் இப்படி ஒத்துப்போனால் மூல ஏடு ஒன்றே என்றும் சொல்வார்கள்.

“மூலம் யாரு?” என்றார் கொளஞ்சிநாதன்.

“அண்ணிதான். மகளிர் குழுக் கூட்டத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழமை வூடு நிம்மதியா இருக்கணும்னா ஆம்பளைங்களை வில்லு வித்தைக்கு அனுப்புங்க. அனுப்பணும்னா, போகாதீங்கன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்னு.”

கொளஞ்சிநாதனுக்கு உள்ளே எங்கோ ‘டொக்’ என்றது.

“இப்ப நீ என்ன பண்ணப் போற?”

“என்ன பண்றது? பெண்ணாடம் போறேன்.”

“அறிவிருக்குதா? அவளுங்க நினைச்சதை நீயே நடத்திக் குடுக்கறியா?”

“எனக்குப் பிடிச்சிருக்குதுண்ணே. போறேன்.”

“அது தோல்விடா!”

“இருக்கட்டும்ண்ணே” என்று சொல்லிவிட்டு, பச்சமுத்து ஒரு வடையும் எடுத்துக்கொண்டார்.

கொளஞ்சிநாதன் வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். மாடிப் போர்ஷனைப் பார்த்தார். வெற்றித் தூண்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. எல்லாம் அவள் கேட்டு வாங்கிக்கொண்டவை. கேட்காமல் கேட்டவை. இத்தனை வருடமாக அவர் குடும்பத் தலைவராக இருக்கவில்லை. ஒரு சுவிட்சாக இருந்திருக்கிறார். ‘வேண்டாம்’ என்று அழுத்தினால் எரிகிற சுவிட்ச்.

அன்று ராத்திரி அவர் ஒரு மகத்தான முடிவெடுத்தார். அவளுக்கு வேண்டியது அவர் வெளியே போவது. எனவே வருகிற ஞாயிறு அவர் வெளியே போகப்போவதில்லை. போட்டி போகட்டும். மெடல் போகட்டும். நினைத்தபோது நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தப் பெண்பிள்ளையை ஜெயித்தாக வேண்டும்.

வாரம் முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு விடிந்தது. அன்புக்கரசி போட்டிப் பனியனை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். பொடி இட்லி கட்டியிருந்தாள். கொளஞ்சிநாதன் ஈஸிசேரில் சாய்ந்து பேப்பரை விரித்தார்.

“ஏங்க, மணியாவுது. பெண்ணாடம் பஸ்ஸு போயிடும்.”

“போகட்டும்.”

“போட்டிக்குப் போவலியா?”

“போவல.”

“ஐயோ, எதுக்குங்க?”

“வூட்டுல இருக்கப் பிடிச்சிருக்குது. என் வூடுதானே இது?”

“தயவுசெஞ்சு போங்க. ஊரே எதிர்பார்க்குதுங்க.”

“நீ எதிர்பார்க்கறதுதான் எனக்குத் தெரியுமே.”

“நான் என்னத்தை எதிர்பார்த்தேன்? கெளம்புங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.”

கெஞ்சுகிறாள்! கொளஞ்சிநாதன் அந்தச் சொல்லைக் காதுக்குள்ளேயே வைத்துச் சுவைத்தார். ஒரு டம்ளரை எடுத்து, அவள் கண்ணெதிரே, நிதானமாகத் தட்டினார். ‘ணங்’. அவள் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

சாமிக்கண்ணு போன் செய்தார். “வா” என்றார். “வரல” என்றார் கொளஞ்சிநாதன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

போட்டி தொடங்கும் நேரம் வந்தபோது மட்டும் அவருடைய வலதுகை தானாக எழுந்து, இல்லாத நாண் ஒன்றைக் காதுவரை இழுத்தது. பேப்பரைப் போட்டு மறைத்துக்கொண்டார். வெற்றி என்பது இவ்வளவு சப்பென்று இருக்குமென்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்போதுதான் தெருவில் டிராக்டர் சத்தம் கேட்டது. வாசலில் வந்து நின்றது. டிரெய்லர் நிறைய பீரோ, இரும்புக் கட்டில், கிரைண்டர், நெல் மூட்டைகள், தேக்கு அலமாரி. அத்தனைக்கும் மேல் ஆலமரத்துப் பறவை போல மைத்துனன் தமிழ்மணி உட்கார்ந்திருந்தான். கம்மாபுரத்தில் அவன் வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டதால், இந்த மாடிப் போர்ஷனுக்குக் குடிவருவதாக ஏற்பாடு. அடுத்த மாதம் என்றுதான் கொளஞ்சிநாதனுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

“வாங்க மச்சான். இன்னைக்கேவா?”

“ஆமாம் மாமா. நல்ல நாளு.”

“எறக்க ஆளு எங்க?”

“ஆளு எதுக்கு மாமா? ‘ஆளு வேணாம்டா, மாமா வூட்டுலதான் இருப்பாரு, தோளு இப்ப இரும்பாட்டம் இருக்குது’ன்னு அக்கா சொல்லிட்டாங்களே.”

“எப்ப சொன்னா?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

கொளஞ்சிநாதன் வீட்டில் இருப்பதென்று முடிவெடுத்தது போன ஞாயிறு ராத்திரிதான்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பச்சமுத்துவின் மனைவி, சொல்லிடவே கூடாதென்று கண்டிஷனாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. பச்சமுத்துவும் கல்யாணமானவன்தானே. அவனும் ஒரு சுவிட்சாக இருக்க மாட்டானா?

மாடிப்படி குறுகல். மூட்டைகளையும் கட்டிலையும் ஏற்றி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. கடைசியாக, தமிழ்மணி மேலே, கொளஞ்சிநாதன் கீழே, நடுவில் பீரோ. முழுப் பாரமும் கீழே இருப்பவருக்கு. “இழுங்க மச்சான்” என்றார். இழுத்தான். “நில்லுங்க” என்றார். நின்றான். “விட்டுடாதீங்க” என்று கதறினார். பாதிப் படியில் மூச்சு வாங்க நின்றபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது; பீரோவைத் தோளில் தாங்கிக்கொண்டு ஒரு கையால் எடுத்துப் பார்த்தார். பெண்ணாடத்திலிருந்து பச்சமுத்து படம் அனுப்பியிருந்தார். கழுத்தில் மெடல். வாயில் வடை.

மாடி வாசலில், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அன்புக்கரசி நின்றிருந்தாள். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்பது இப்போது கிட்டத்தில் தெரிந்தது.

“கொஞ்சம் இடது பக்கமா சாய்ங்க… ம், அப்படித்தான்” என்றாள். பிறகு மிகுந்த பரிவோடு சொன்னாள்:

“காலையிலேர்ந்து போங்க போங்கன்னு எவ்வளவு கெஞ்சினேன், என் பேச்சை எப்பதாங்க கேட்டிருக்கீங்க?”