இரண்டு, ஐந்து, ஒன்று

அன்புள்ள நாத்தனாருக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. குழந்தை இப்போதுதான் தூங்கினாள். உன் அண்ணன் அவளுக்கு முன்பே தூங்கிவிட்டார். இருவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும், குறிப்பாக என் பொருட்டு.

முதலில் நன்றி. நான் பிரசவத்துக்குப் போனதும் ஹோட்டல் ஜாஸ் குழுவில் என் பியானோ முன்னால் வேறொருவரை உட்காரவைத்தார்கள், இன்று எங்கள் இருவரையும் ஒரே பழைய பாட்டை வாசிக்கச் சொல்லி ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். "அண்ணி, ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் சி, எஃப்னு கார்ட் பேரை எழுதாதீங்க. பாட்டு கடைசில வந்து நிக்கற சுரம்தான் வீடு. அதைக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து எத்தனாவது படின்னு நம்பர் மட்டும் போடுங்க. அப்பத்தான் சொந்தமா வாசிக்கும்போது எங்க போறோம்னு தெரியும்" என்று நீ போனில் சொன்னபோது, கைக்குழந்தை இல்லாதவள் பேச்சு என்று மனதுக்குள் திட்டினேன். ஆனாலும் டயபர் பெட்டி அட்டையைக் கிழித்து, இரண்டு, ஐந்து, ஒன்று என்று வரிசையாகப் போட்டேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "ஒண்ணுதான் வீடுங்கறே. வீட்டுக்கு வந்தா பேசாம உட்கார வேண்டியதுதானே, மறுபடி எதுக்கு ரெண்டுக்குக் கிளம்பறே?" என்றார். அவருக்கு இசை வராததற்கு நீ பொறுப்பல்ல.

இன்று பார்த்து பாடகி மூக்கில் கைக்குட்டையோடு வந்து, "என்னால மேல எட்டாது, சுருதியை எஃப்லேருந்து டிக்கு இறக்கிடுங்க" என்றாள். எனக்குப் பதிலாக வந்தவருடைய தாள் முழுக்கப் பழைய சுருதியின் கார்ட் பெயர்கள். நாலாவது வரியில் கை நின்றுவிட்டது, பாவம். எனக்கோ வீடு மாறினாலும் படிகள் அதேதானே. இரண்டில் தயங்கி, ஐந்தில் ஏங்கி, ஒன்றில் உட்கார்ந்தேன். ஐந்து வருடங்களில் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத எங்கள் சாக்ஸபோன் தலைவர் எழுந்து வந்து, "திங்கட்கிழமையிலேருந்து வந்துடுங்கம்மா" என்றார். இனி நமக்கு இந்த ஒரு வீட்டின் நாலு சுவர்தான் என்று ஒரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயத்தை எடுத்தவள் நீ. உன் விரல்கள் என்றும் களைக்காமல் இருக்கட்டும். தூக்கத்தில் இருப்பவரின் அன்பையும் சேர்த்துக்கொள்.

உன் அண்ணி

பின்குறிப்பு: உன் அண்ணன் போனில் பதிவு செய்ததை இப்போதுதான் கேட்டேன். அட்டையில் பாட்டின் நடுப்பகுதியை எழுதும்போது குழந்தை அழுதிருக்கிறாள் போல, அங்கே மட்டும் அவசரத்தில் பழைய கார்ட் பெயர்களையே போட்டிருக்கிறேன். குழு முழுவதும் புதுச் சுருதியில் இருக்க, நடுப்பகுதி முழுக்க நான் ஒருத்தி மட்டும் பழையதில் வாசித்திருக்கிறேன். பேஸ் கிட்டார் வாசிப்பவர்தான் தப்பு செய்கிறார் என்று அவரை முறைத்தது வேறு. தலைவருக்குப் பிடித்ததே அந்த இடம்தானாம். கிளம்பும்போது சொன்னார்: "நடுவுல என்னமா யோசிச்சீங்க, திங்கட்கிழமை எல்லாருக்கும் விளக்குங்க." பதிவை அனுப்பியிருக்கிறேன். நான் என்ன யோசித்தேன் என்று கேட்டுப் பார்த்துச் சொல். சீக்கிரம் பதில் போடு.