குவைத்துக்குப் போன வீடு

பேச வராதவன் பரிசு கொடுக்கக் கூடாது. பரிசு அவனைவிட மோசமாகப் பேசிவிடும்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றது. பெரம்பலூரில், மிஷின் வைத்து மரக்கதவில் பூவேலை செய்யும் பட்டறையில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். மனைவி மேரி குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை; மகள் என்னோடு. அவள் போன பிறகுதான் ஏலாக்குறிச்சியில் எங்கள் வீடு எழும்பியது. அவள் அதைப் போனில் பார்த்ததோடு சரி.

ஒப்பந்தம் முடிகிற சமயம், "நீட்டிக்கவா, வந்துடவா?" என்று கேட்டாள்.

"ஒன் இஷ்டம்" என்றேன். (வந்துடு என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.)

மனசு கேட்கவில்லை. அவளுக்குப் பரிசாக அனுப்ப எங்கள் வீட்டைக் கம்ப்யூட்டரில் வரைந்தேன். அப்படி வரைந்ததை உள்ளங்கையளவு பொம்மை வீடாகப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தரும் கடை திருச்சியில் உண்டு. ஆனால் சுவரும் கூரையும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போச்சு. எது உள்ளே, எது வெளியே என்று மிஷினுக்குத் தெரியாது. என் படத்தில் மூலைக்கு மூலை விரிசல். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒட்டுவதுதான் முறை. எனக்கு அவசரம். மேரியின் சொந்தக்காரர் அந்தோணி மறுநாள் குவைத்துக்கு பிளைட் ஏறுகிறார்.

'இவ்வளவு அகலம்வரை உள்ள ஓட்டையை மூடு' என்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை இருக்கிறது. அகலத்தைத் தாராளமாகக் கொடுத்தேன். 'பிழை இல்லை' என்று வந்தது. அப்படியே கடைக்கு அனுப்பிவிட்டேன். அவர்களே பொட்டலம் கட்டி அந்தோணி கையில் கொடுத்துவிட்டார்கள்.

மேரி போன் செய்தாள்.

"வூடு அழகா இருக்குங்க."

"ம்."

"நான் எப்படிங்க உள்ள வர்றது?"

"என்ன?"

"வாசலே இல்ல. ஜன்னலும் இல்ல. திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். வராதங்கிறீங்களா?"

விரிசலோடு வாசலும் அடைபட்டுப் போயிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஓட்டைதான். (தினமும் கதவு செதுக்குகிறவன் நான்.)

"அது... மூலையில கேப்பு இருந்துச்சு..."

"கேப்ப விடுங்க. வரணுமா, வேணாமா?"

"வந்துடு மேரி."

சிரித்தாள். அப்புறம் சொன்னாள்:

"நேத்துதாங்க நீட்டிச்சுக் கையெழுத்துப் போட்டேன். நீங்கதான ஒன் இஷ்டம்னீங்க."

கத்தியைச் சுடவைத்து அவளே அந்த வீட்டுக்கு ஒரு வாசல் வெட்டிக்கொண்டாள். கோணல் வாசல். தலைமாட்டில் வைத்திருக்கிறாளாம்.

இன்றும் போன் செய்தால் முதல் கேள்வி அதுதான். "வாசல் இருக்கா?"

எனக்கு முன்னால் மகள் கத்துவாள்: "இருக்கும்மா! அப்பா அங்கதான் ஒக்காந்திருக்காரு!"