கடைச் சுவரோரம் நட்ட முக்கொம்பு

செல்போன் கடை வைத்திருப்பவன் தன் பிள்ளைகளிடம் "போனைத் தொடாதீங்க" என்று சொல்லும்போது கண்ணாடி பார்க்காமல் இருப்பது நல்லது. சின்னமனூரில் போன் விற்று, ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் நான். வீட்டை ஒட்டியே கடை. கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டு முற்றம். மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர். இதை நீங்களாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் யாழினி அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். மகன் கதிர் ஒன்றாம் வகுப்பு. கோடை விடுமுறை தொடங்கிய வாரமே யாழினிக்குக் கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. என் மனைவி செல்வி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிள்ளைக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்கெல்லாம் போன் விக்கிறீக. நம்ம பிள்ளைக கண்ண யாரு பாக்குறது? நான் டூட்டிக்குப் போனா நாள் பூரா அதையே நோண்டிக்கிட்டுக் கெடக்குதுக."

"விடு. இந்த லீவு முழுக்கப் போனே இல்லாம வெளையாட வைக்கிறேன். காசு செலவில்லாம," என்று வாக்குக் கொடுத்தேன். (அவள் கேட்கவே இல்லை. நானாகக் கொடுத்தது.)

முதலில் பல்லாங்குழி. கதிர் ஒரு புளியங்கொட்டையை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். வீட்டில் நர்ஸ் இருந்ததால் பிழைத்தோம். அடுத்து, கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொடுத்து வீடு கட்டச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், அட்டையைப் போன் அளவுக்கு வெட்டி, ஆளுக்கொன்றைக் கையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பயமும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. வீரபாண்டித் திருவிழாவுக்காகக் கோயிலில் முக்கொம்பு நட்டிருந்தார்கள். மூன்று கவட்டையாகப் பிரிந்த மரக்கொம்பு அது. வேண்டுதல் வைத்தவர்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். நாங்களும் அந்த வாரம்தான் போய் ஊற்றிவிட்டு வந்திருந்தோம். "திருவிழா வெளையாட்டு வெளையாடுவமா?" என்றதும் இரண்டும் துள்ளிக் குதித்தன.

வேப்பங்கொம்பு ஒன்றைக் கவட்டை பார்த்து ஒடித்தேன். முற்றத்தில் எல்லா இடமும் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. சுவரோரம் மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. அங்கேயே நட்டேன். பிள்ளைகள் மஞ்சள் பூசினார்கள். தட்டைத் தட்டி நான் மேளம் அடித்தேன், கதிர் ராட்டினக்காரன் ஆனான், யாழினி பொரி விற்றாள். இருட்டும்வரை விளையாடினோம். போன் என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை.

திங்கட்கிழமை நான் கடையைத் திறந்துவிட்டேன். ஆனால் பிள்ளைகள் விடவில்லை. தெருப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ள, சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தண்ணீர்ச் சத்தம். நானோ வாடிக்கையாளர்களை உட்கார வைத்து, "பிள்ளைகளுக்குப் போன் குடுக்காதீக, எங்க வீட்டுல பாருங்க," என்று பேசியே தீர்த்தேன். கையில் அவர்களுக்குப் புதுப் போனை எடுத்துக் கொடுத்துக்கொண்டேதான்.

ஒருநாள் எட்டிப் பார்த்தபோது யாழினி கண்ணை இறுக மூடிக்கொண்டு சொம்பைச் சரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா வேண்டிக்கிட்ட?"

"சொன்னா பலிக்காதுப்பா."

எதிர்வீட்டு மாரியக்காவும் ஒரு குடத்தோடு வந்தாள். "சும்மா வெளையாட்டுக்கா," என்றேன். "பிள்ளைக வேண்டுனா ஆத்தா கேக்காம இருப்பாளா தம்பி? நீ தள்ளு," என்று ஊற்றிவிட்டுப் போனாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினேன். பின்சுவரின் கீழ்ப்பாதி கறுத்துப்போய் நீர் கசிந்துகொண்டிருந்தது. ரிப்பேருக்கு வந்த போன்களை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு அந்தச் சுவரடியில்தான் வைத்திருந்தேன். பெட்டி களியாகிக் கிடந்தது. சுவிட்சைத் தொட்டேன். ஷாக் அடித்துத் தூக்கி வாரிப்போட்டது. வந்து பார்த்த எலெக்ட்ரீசியன், "சுவரு காயிற வரைக்கும் கடைய மறந்துருங்கண்ணே," என்று மெயினை அணைத்துவிட்டுப் போனார்.

வேறு வழியில்லாமல் வீட்டு மொட்டைமாடியில் செல்வியின் மிளகாய் வத்தலை ஓரமாக ஒதுக்கி, ஊரார் போன்களை அரிசியில் புதைத்து நிழலில் பரப்பினேன். மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர் தன் போனைத் தேடி மாடிக்கே வந்துவிட்டார்.

"என்னண்ணே, போன் வத்தலா? எப்ப வறுப்பீக?" என்றவர், சட்டென்று முகம் மாறி, "வெளையாட்டில்லண்ணே. மேல போயிட்டா வீட்டுக்காரி என்னய எதுலதான் கூப்பிடுவா?" என்றார். அவருடைய சிம்மை என்னுடைய போனில் போட்டு அவரிடம் கொடுத்தேன். இப்போது ஊரிலேயே போன் இல்லாத போன் கடைக்காரன் நான் ஒருவன்தான்.

ஆத்திரம் தலைக்கேற, இறங்கிப் போய் அந்தக் கொம்பைப் பிடுங்கக் கை வைத்தேன். யாழினி ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக்குள் கண்ணீர் தளும்பியது.

"பிடுங்காதப்பா. நாந்தான் வேண்டுனேன்."

"என்ன வேண்டுன?"

"தெனமும் கடை லீவா இருக்கணும்னு. ஞாயித்துக்கெழம மட்டுந்தான நீ எங்ககூட வெளையாண்ட?"

கையை எடுத்துவிட்டேன். போனைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிய நான், அந்த இடத்தில் என்னை வைக்காமல் ஒரு வேப்பங்கொம்பை நட்டுவிட்டுப் போயிருக்கிறேன். அவமானமாக இருந்தது. மாலை டூட்டி முடிந்து வந்த செல்வி, ஈரச் சுவரையும் மாடியையும் பார்த்தாள். கதை முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை. "ஆத்தா கேட்டுட்டா, இனி என்ன? மேளத்த எடுங்க," என்று தட்டை என் கையில் கொடுத்தாள். சுவர் காயும்வரை கடை பூட்டியே இருந்தது. நான் தினமும் மேளக்காரன். சில போன்கள் பிழைத்தன. பிழைக்காதவற்றுக்குப் பதில் சொல்லி முடிக்கவே அந்த வருஷம் போய்விட்டது.

யாழினி இப்போது பிளஸ் டூ. அவளுக்கென்று போன் இருக்கிறது, நம் கடைச் சரக்குத்தான். வியாபாரம் நன்றாக ஓடும் இரவுகளில் நான் நேரம் மறந்து உட்கார்ந்திருப்பேன். அப்போது அவளிடமிருந்து ஒரே வரியில் ஒரு மெசேஜ் வரும்.

"அப்பா, குடத்த எடுக்கவா?"

ஷட்டரை இறக்கிவிடுவேன்.