சட்டி மேல் ஓடிய ஓடை

"நல்லாக் கேட்டுக்கோங்க. நான் காய்ச்சப்போற சாராயத்தோட வாசனை இங்கேருந்து கிளம்பி, மலையெல்லாம் ஏறி இறங்கி, வியந்தியான் வரைக்கும் போகும். போயி, சந்தலாவோட கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்து, என் வீட்டுப் படியில விடும்!"

படகுத்துறையில் இருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். சொன்ன பூன்தாவி மட்டும் சிரிக்கவில்லை. 'நாம் கான்' என்கிற ஆற்றில் முப்பது வருடம் படகு ஓட்டி ஓய்ந்தவர் அவர். தலைநகர் வியந்தியான் எங்கள் ஊரிலிருந்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். பேருந்துக்கே பாதி வழியில் மூச்சு வாங்கும்.

எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தவர் பக்கத்து வீட்டுக் கம்சிங். வாத்து வளர்ப்பவர். எதையும் நம்பாதவர். பொழுது விடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால்கூட, வெளியே வந்து பார்த்த பிறகுதான் தலையாட்டுவார்.

"உன் சாராய வாசனை என் வேலியையே தாண்டாதுடா," என்றார். "தாண்டினா என் வாத்துங்க மிதிச்சே கொன்னுடும்."

சந்தலா, பூன்தாவியின் மனைவி. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று வியந்தியானுக்குப் போனவள். அந்தக் குழந்தைக்கு இப்போது பல் முளைத்து, தாத்தாவின் புகைப்படத்தைக் கடிக்கிறதாம். ஏழு மாதம் ஆகிவிட்டது. கிளம்பும்போது பேருந்துப் படியில் நின்று அவள் சொன்னது இதுதான்: "சட்டிக்குத் தண்ணி சுமந்து சுமந்து என் இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. அந்த ஓடையைக் கொண்டுவந்து என் அடுப்பு மேல விடுங்க. அப்புறம் கூப்பிடுங்க."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, முறைத்துக்கொண்டு சொன்னாளா என்பது பூன்தாவிக்கு ஞாபகம் இல்லை. ஏழு மாதமாக இரண்டு விதமாகவும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் சாராயம் காய்ச்சுவது பெண்கள் காரியம். ஒட்டும் அரிசியைப் புளிக்கவைத்த ஊறலைப் பீப்பாயில் ஊற்றி அடியில் தீ மூட்டுவார்கள். பீப்பாயின் வாயை மூடுவதுபோல் ஒரு பெரிய இரும்புச் சட்டியை வைத்து, அதில் குளிர்ந்த தண்ணீர் நிரப்புவார்கள். ஆவி மேலே போய்ச் சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாக மூங்கில் குழாய் வழியே ஜாடிக்கு வரும். சட்டித் தண்ணீர் சுட்டுவிட்டால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதை வைத்துத்தான் சாராயத்துக்குப் பெயரே. முதல் தண்ணி, ஊர்த் தெய்வத்துக்கும் பெரியவர்களுக்கும். இரண்டாம் தண்ணி, விருந்தாளிக்கு. மூன்றாம் தண்ணி, மாப்பிள்ளைக்கு. நான்காம் தண்ணியை எடுத்து நீட்டினால், எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று அர்த்தம்.

பூன்தாவி முதலில் தானே தண்ணீர் சுமந்து பார்த்தார். வேலைக்கு முன்னால் சந்தலாவின் சரிகைக்கரைப் பாவாடையைத் துவைத்துக் கொடியில் போட்டார். வாராவாரம் வெள்ளிக்கிழமை அது அவருடைய வழக்கம். போகிற வருகிறவர்கள், வீட்டில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்ளட்டுமே.

"யாருமே உடுத்தாத துணியில என்னடா அழுக்கு?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கம்சிங் கேட்டார்.

"தூசிடா."

"கண்ணுலயுமா?"

பூன்தாவி இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினார். ஐந்தாவது நடையில் முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. பாதி ஏற்றத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தார், பாறையில் சின்னச் சின்னப் பள்ளங்கள். முப்பது வருடமாகச் சந்தலாவின் பாதம் பட்டுப் பட்டுப் பாறையே குழிந்திருந்தது. ஒன்றில் தன் காலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மூங்கில் வெட்டக் கிளம்பினார்.

மொத்தம் நாற்பத்தேழு மூங்கில். நடுவில் பிளந்து, கணுவைச் செதுக்கி, ஒன்றின் வாயில் இன்னொன்றைச் சொருகி, ஓடை பிறக்கிற மேட்டு ஊற்றிலிருந்து கொல்லை அடுப்பு வரைக்கும் கவட்டைக் குச்சிகள் மேல் கொண்டுவந்து சேர்த்தார். பதினாறு நாள் வேலை. பதினேழாம் நாள் ஊறலை ஊற்றி, தீ மூட்டி, மேட்டில் அடைப்பை எடுத்தார்.

தண்ணீர் வந்தது. வந்தது என்றா சொல்வது? ஏழு மாதம் எவனோ பிடித்து வைத்திருந்ததுபோல் பாய்ந்தது. சட்டி நிரம்பியது, வழிந்தது, அடுப்பு அணைந்தது, பூன்தாவி நனைந்தார். சட்டிக்குள் மூன்று மீனும், கோபமாக ஒரு நண்டும் இருந்தன.

"வாசனை கிளம்பிருச்சாடா?" என்று வேலியிலிருந்து குரல் வந்தது. "மீன் வாசனைதான் வருது!"

வழிகிற தண்ணீர் அடுப்பில் விழாமலிருக்க, சட்டியின் விளிம்பில் ஒரு மூங்கிலை வைத்து வேலிப்பக்கம் திருப்பிவிட்டார். அடுப்பு பிழைத்தது. ஆனால் சட்டியில் சூடான தண்ணீர் இதமான வெந்நீராகக் கம்சிங்கின் வாத்துப்பட்டியில் போய் விழுந்தது. நாற்பது வாத்துகளும் வாழ்க்கையில் முதல் தடவையாக வெந்நீரில் குளித்தன. குளித்துவிட்டு, இந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டே வரிசையாக வேலியைத் தாண்டி வந்து, பூன்தாவியின் அடுப்பைச் சுற்றிக் குடியேறிவிட்டன. கம்சிங் வந்து விரட்டினார், கெஞ்சினார், தவிட்டைக் காட்டினார். ஒன்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு நாளா ஒரு முட்டை கிடையாதுடா! எல்லாம் ராணி மாதிரி படுத்துக் கிடக்குதுங்க! இப்பவே சந்தலாவுக்குப் போன் பண்ணிச் சொல்றேன் பாரு!"

"பண்ணு," என்றார் பூன்தாவி. உண்மையிலேயே பண்ணினால் நன்றாயிருக்கும் என்று அவருக்கு இருந்தது.

கம்சிங்கிடம் செல்போன் கிடையாது. அதில் பேசுவது நிஜமான ஆள்தானா என்று அவருக்குச் சந்தேகம்.

வாத்துகளுக்காகப் பூன்தாவி மூங்கிலைத் தெருப்பக்கம் திருப்பினார். அதுதான் பெரிய தப்பு. மறுநாள் விடிந்ததும் விகாரைத் துறவிகள் ஒன்பது பேரும் வழக்கம்போல் கையில் பாத்திரத்தோடு வரிசையாகப் பிச்சைக்கு வந்தார்கள். செம்மண் தெரு எண்ணெய் தடவிய பலகைபோல் இருந்தது. தலைமைத் துறவி காலை வைத்தார். பிறகு ஒன்பது பேரும், வரிசை குலையாமல், பாத்திரம் சாயாமல், முகத்தில் அமைதி மாறாமல், சரிவில் வழுக்கிக்கொண்டே போய் விகாரை வாசலில் நின்றார்கள்.

"இன்னிக்குச் சீக்கிரமே திரும்பிட்டோம்," என்றாராம் தலைமைத் துறவி. நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஊர்த்தலைவர் விலாய் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். "பூன்தாவி, தெருவுக்கு ஒரு சொட்டு வரக்கூடாது."

"சரிங்க, தலைவரே."

"வாத்துப்பட்டிக்கும்."

"சரிங்க."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போகும்?"

பூன்தாவி யோசித்தார். தண்ணீர் போக இடமில்லை என்றால் வருகிற தண்ணீரைக் குறைத்துவிட வேண்டியதுதான். ஊற்று வாயில் வாழைநாரைத் திணித்தார். ஓடை நூலாயிற்று. நூல் தண்ணீர் சட்டியைக் குளிர வைக்குமா? சட்டி கொதித்தது. ஆவி அடியில் படியாமல் இடுக்கு வழியாகத் தப்பி ஓடியது. குழாயில் சொட்டு நின்றுபோனது. சொட்டு வரவில்லையே என்று பூன்தாவி இரண்டு கட்டையைச் சேர்த்துச் சொருகினார். பிறகும் வரவில்லையே என்று மேலும் நான்கு. உள்ளே ஊறல் அடிப்பிடித்துக் கரிந்தது. கடைசியில் ஒரு வழியாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ சொட்டியது. ஒரு ஜாடி சேர்ந்தது.

வழக்கப்படி முதல் வாய் மண்ணுக்கு ஊற்றினார். அந்த இடத்தில் புல் இன்றைக்கும் முளைக்கவில்லை. இரண்டாவது, காய்ச்சியவருக்கு. கண்ணை மூடிக் குடித்துவிட்டு, நீர் வழியச் சிரித்தார். அப்புறம் அதே கிண்ணம் தலைவர் கைக்குப் போனது.

விலாய் ஒரு வாய் குடித்தார். சற்று நேரம் அவரைக் காணவில்லை. உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தார், இருந்தும் காணவில்லை. திரும்பி வந்ததும் கேட்டார்: "இது எத்தனாவது தண்ணிய்யா?"

"ஓடுற தண்ணி, தலைவரே."

"ஓடுற தண்ணியை எப்படி எண்ணுறது? இப்ப நான் இங்க பெரியவனா, விருந்தாளியா, மாப்பிள்ளையா? இல்ல, எந்திரிச்சு வீட்டுக்குப் போகணுமா?"

ஊரே யோசித்தது. கம்சிங் மட்டும் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, "முழங்காலுக்குத் தேய்க்க ஆகும்," என்று ஒரு பாட்டில் நிரப்பி எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. ஞாயிறுதோறும் வரும் போன். பூன்தாவி சட்டை மாற்றி, தலை சீவிக்கொண்டு எடுத்தார்.

"சந்தலா! ஓடை வந்துருச்சு! தானா வருது! நாற்பத்தேழு மூங்கில்!"

"அடுப்பை எப்படி எரிக்கிறீங்க?"

"அதெல்லாம் ஜோரா எரியுது."

"ம்."

அந்தப் பக்கம் எங்கேயோ குழந்தை சிரித்தது. பூன்தாவி சொல்ல நினைத்தது, நீ வந்துவிடு என்ற இரண்டு வார்த்தை. அவர் சொன்னது, "கணுவையெல்லாம் நானே செதுக்கினேன்."

"சரி, பாப்போம்," என்று சந்தலா வைத்துவிட்டாள். பூன்தாவி சூடு ஆறும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் கம்சிங்கைக் காணவில்லை. லுவாங் பிரபாங் டவுனுக்குப் பல் பிடுங்கப் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னாள். வேலியில் யாரும் திட்டாததால் கொல்லை வெறிச்சென்று இருந்தது. பூன்தாவி வாத்துகளுக்குத் தவிடு வைத்தார். பிடிவாதமாக மறுபடி ஊறலைப் பீப்பாயில் ஊற்றித் தீ மூட்டினார்.

புதன்கிழமை உச்சி வெயிலில் ஊர் எல்லையில் பேருந்து நின்றது. தலையில் மூட்டையோடு சந்தலா இறங்கி வந்தாள்.

பூன்தாவி ஏழு மாதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. ஆற்றையும் மழையையும் காலியான பாதிப் பாயையும் பற்றிய நல்ல பேச்சு. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் அவரைக் கடந்து நேரே அடுப்படிக்குப் போனாள். குனிந்து மூன்று கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டாள்.

"பீப்பாயைத் தேய்ச்சுக் கழுவினீங்களா?"

"இல்ல."

"தெரியும்." அண்ணாந்து மூங்கில் போகிற வழியெல்லாம் பார்த்தாள். மேடு வரை பார்த்தாள். "கோணலா இருக்கு," என்று சொல்லிவிட்டு, சட்டியில் விழுகிற தண்ணீருக்குக் கீழே கையை நீட்டி, எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, திரும்பி வந்தவளுக்கு உயிரழைப்புச் சடங்கு. எங்கெங்கோ அலைகிற முப்பத்திரண்டு உயிர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, மணிக்கட்டில் வெள்ளை நூலால் கட்டி வைக்கிற சடங்கு. நூல் கையில் இருக்கும்போது பொய் சொன்னால் கட்டிய உயிர் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"பாத்தீங்களா? சொன்னேனா இல்லையா? வாசனை!" என்று பூன்தாவி கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, நிசமா நீ எதுக்கு வந்தே?" என்று விலாய் கேட்டார்.

"பஸ் வந்துச்சு, ஏறினேன்," என்றாள் சந்தலா.

கூடம் சிரித்தது. அன்று காலைதான் வந்து இறங்கியிருந்த கம்சிங், கடைசி ஆளாக நூலோடு வந்து சந்தலாவின் முன்னால் மண்டியிட்டார். அவர் பல்லெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

"கம்சிங், நூல் உன் கையில இருக்கு," என்றார் விலாய். "எதையும் நம்பாத ஆளு நீ. நீயே சொல்லு. சாராய வாசனை வியந்தியான் வரைக்கும் போச்சுங்குறானே, போகுமா?"

கம்சிங் நூலைப் பார்த்தார். சந்தலாவைப் பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போச்சுய்யா. வாசனை இல்ல, தீஞ்ச நாத்தம். ஆனா போச்சு. இவனைப் பத்திக் கோள் சொல்லலாம்னு அன்னிக்கு நிரப்பின பாட்டிலை மடியில வச்சுக்கிட்டுக் கிளம்பினேன், மூணாவது மலையில மூடி தெறிச்சு அம்புட்டும் என் கால்சட்டையில கொட்டிருச்சு; மக வீட்டு வாசல்ல போய் நின்னா, நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடி இந்தம்மா ஒரே ஒரு தடவை மோந்து பாத்துட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுச்சு."