செல்லுபடியாகும் அட்டை

கேமரா ஹேமாவதியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் இரண்டு வரி, ஜப்பான் எழுத்து. என்ன சொல்கிறது என்றுதான் தெரியவில்லை.

எதிரே முக்காலியில், முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட வந்த பக்தவச்சலம் என்ற பெரியவர் போட்டோவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு உடலாமாம்மா?"

"உடுங்கய்யா. இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்."

அணைத்துப் போட்டாள். அதே கட்டம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அதே கட்டம். மெமரி கார்டை உருவினாள். புதிய கார்டு ஒன்றைச் செருகினாள். அது உள்ளே போக அடம்பிடித்தது. கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தள்ளினாள். கட்டம் போகவில்லை. அதுவரை ஒரு முறை கீச்சிட்டுக்கொண்டிருந்த கேமரா இப்போது மூன்று முறை கீச்சிட்டது.

"நான் மனு எழுதிகினு வந்துடறேன்" என்று எழுந்து போன பெரியவர் திரும்பி வரவில்லை.

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிரே ஹேமாவதியின் ஸ்டுடியோ. பன்னிரண்டு வருஷமாக பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் பிழைப்பு. இப்போதுதான் முதல் கல்யாண ஆர்டர் வந்திருந்தது. பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி கோதண்டபாணியின் மகள் அனிதாவுக்கு வெள்ளிக்கிழமை மலைமேல் கல்யாணம். ஆர்டரைப் பிடித்துக் கொடுத்தவன் விஜயன், ஹேமாவதியின் அக்கா வீட்டுக்காரன், கோதண்டபாணியின் லுங்கி மூட்டைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். அந்தக் கேமராவை வாங்கிக் கொடுத்தவனும் அவனேதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு அவன் சொன்னான்: "இது ஜப்பான்ல ஜப்பான்காரனுக்குன்னே செஞ்சது ஹேமா. நம்ம ஊருக்கு அனுப்புறது வேற. இது அவன் ஊட்டுப் புள்ள மாதிரி."

"பில்லு எங்க பாவா?"

"பில்லு போட்டா வெல ஏறிடும்."

"வாரண்டி கார்டு?"

"கம்பெனி வாரண்டி கெடையாது. கடை வாரண்டி. கடைக்காரரு வாயாலயே சொல்லியிருக்காரு."

ஹேமாவதி பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள், ஒரு காகிதமும் விழவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் வசந்தியை ஒரு படம் எடுத்தாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வசந்தியின் கண்ணில் இமைமயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. கருவிழிக்குள் ஒரு பெண் கேமராவோடு நின்றாள். அது ஹேமாவதி. அவளுக்குப் பின்னால் திருப்பதி பஸ் நின்றது. பஸ்ஸின் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது. ஒரு சொட்டுக் கண்ணுக்குள் ஒரு பஸ் ஸ்டாண்டே இருந்தது.

மறுநாள் பழைய கேமராவை விற்றுவிட்டாள். புதியதற்குக் குங்குமம் வைத்தாள். மெனு முழுக்க ஜப்பான் எழுத்து என்பது அவளுக்குக் குறையாகவே படவில்லை. மூன்றாவது வரியில் கூரை வீடு மாதிரி எழுத்து, அதற்குக் கீழே குடை பிடித்த ஆள் மாதிரி எழுத்து என்று நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்துக்கொண்டு பழகிவிட்டாள். ஜனங்கள் வசந்தியின் கண்ணைப் பார்ப்பதற்கென்றே ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். உள்ளே வரும்போது செருப்பைக் கழற்றினார்கள்.

அந்தக் கேமராதான் செவ்வாய்க்கிழமை காலையில் சிவப்புக் கட்டம் காட்டியது.

விஜயன் வந்தான். செல்போனை அந்த எழுத்தின்மேல் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் சுத்தமான தமிழில் சொன்னது: "செல்லுபடியாகும் அட்டை கண்டறியப்படவில்லை."

"எந்த அட்ட?"

"மெமரி கார்டா இருக்கும்."

"அது உள்ளதான் பாவா இருக்குது. புதுசு."

"ஆதார் அட்டையா?"

ஹேமாவதி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாவா, இது வாரண்டி கார்ட கேக்குது."

"கேமரா எங்கயாவது கேக்குமா?"

"கண்ணுக்குள்ள நிக்கற ஆளையே பாக்குது. தங்கிட்ட கார்டு இல்லன்னு அதுக்குத் தெரியாதா?"

விஜயனும் கேமராவைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தான்.

கேமரா வாங்கிய சென்னைக் கடைக்குப் போன் போட்டார்கள். எடுத்தவர் அங்கே இப்போது இட்லி மாவு விற்பதாகவும், பாக்கெட் வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார். கேமரா விற்றவர் எங்கே என்று கேட்டதற்கு, "அவர நாங்களும்தான் தேடிகினு இருக்கோம்" என்றார்.

வேறு வழியில்லாமல் புதன்கிழமை ஹேமாவதி வாரண்டி கார்டு கேட்டுத் துளசிங்கத்திடம் போனாள். அவர் பைபாஸ் ரோட்டில் பெரிய ஸ்டுடியோ வைத்திருந்தார். இதே கேமரா, ஆனால் முறையாக வாங்கியது. வசந்தியின் கண்ணைப் பற்றி ஊரே பேசியதில் மூன்று வாரமாக அவருக்குத் தூக்கமில்லை.

"கார்டுதானே, எடுத்துகினு போம்மா. எங்கிட்ட எல்லாம் பக்கா. பில்லு, சீலு, கார்டு." பத்து வருஷம் குறைந்தவர்போலச் சிரித்தார்.

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த விஜயன் அந்தக் கார்டைக் கேமராவின் கண்ணுக்கு நேரே பிடித்தான். கேமரா மூன்று முறை கீச்சிட்டது.

"நம்பர் வேறன்னு கண்டுபுடிச்சிடுச்சு" என்றான் தாழ்ந்த குரலில்.

மறுநாள் ஹேமாவதி அரக்கோணம் வழியாக ரயில் ஏறிச் சென்னையில் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். ஏசி ஓடியது. கவுண்டரில் மெஹ்னாஸ் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் கேமராவின் அடியிலிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினாள்.

"மேடம், இந்தக் கேமரா இந்தியாவுக்கே வரல."

"வரலன்னா? இதோ கையில இருக்குதே."

"இருக்குது மேடம். ஆனா வரல."

ஹேமாவதி கேமராவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"காசு குடுத்தா ரிப்பேர் பண்ணித் தருவீங்களா?"

"எங்க சிஸ்டத்துல இருக்கற நம்பரத்தான் மேடம் நாங்க தொறக்க முடியும். இதை எந்த நாட்டுல வித்தாங்களோ அங்கதான் பாக்கணும்."

"ஜப்பான்லயா?"

"ஆமாம் மேடம்."

அப்போதுதான் ஹேமாவதி துளசிங்கத்தின் கார்டை எடுத்து நீட்டினாள். மெஹ்னாஸ் அதையும் தட்டிப் பார்த்தாள். பிறகு பரிதாபமாக நிமிர்ந்தாள்.

"இது வேற கேமராவோட கார்டு மேடம். இப்படி வந்துச்சுன்னு நான் சிஸ்டத்துல நோட் போட்டே ஆவணும்."

ரயில் திருவள்ளூர் தாண்டுவதற்குள் துளசிங்கம் போனில் வந்துவிட்டார். அவர் குரலில் பத்து வருஷம் கூடியிருந்தது.

"என் கார்டுமேல சந்தேகம், நேர்ல வந்து வெளக்கம் சொல்லணும்னு மெசேஜ் வந்துருக்குது. பன்னெண்டு வருஷத்துல எம்மேல ஒரு பேச்சு வந்ததில்ல தெரியுமா?"

"அண்ணே, வெள்ளிக்கெழம ஒரு நாளைக்கு உங்க கேமராவ வாடகைக்கு..."

போன் கட்டாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் அரக்கோணம் முதல் கே.ஜி.கண்டிகை வரை கேமரா வைத்திருந்த எல்லாருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. ஹேமாவதிக்கு யாரும் எதையும் கொடுக்கக் கூடாது.

"கோதண்டபாணி கிட்ட உண்மையச் சொல்லிடலாம் பாவா."

"சொன்னா உன் ஆர்டரும் போவும், என் லுங்கி மூட்டையும் போவும்."

வெள்ளிக்கிழமை காலை மலைமேல் மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கியது. பட்டுப்புடவைச் சரசரப்புக்கு நடுவில் ஹேமாவதி செத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். கோதண்டபாணி நேரே அவளிடம் வந்தார்.

"எம் பொண்ணு கண்ணுலயும் எல்லாம் தெரியணும்மா. அந்தப் பூக்காரம்மா கண்ணுல தெரிஞ்ச மாதிரி."

"ஆங், தெரியும் சார்."

விஜயன் காதோரம் குனிந்தான். "ஃப்ளாஷ் எரியுதில்ல? அத அடிச்சுகினே இரு. மலைக்கு இத்தினி பேரு வராங்க, ஒருத்தங்கிட்ட கூடவா கேமரா இருக்காது? நான் புடிச்சுகினு வரேன்."

அவள் அடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்து நின்றார்கள். அடித்தாள். பெண்ணின் அத்தைமார்கள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார்கள். அடித்தாள். படம் ஒன்றுகூடப் பதியவில்லை. வெளிச்சம் மட்டும் வந்து வந்து போனது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் அவர்கள் சிரித்தார்கள். அவளால் அவர்களை நேரே பார்க்க முடியவில்லை.

முகூர்த்தத்துக்கு அரைமணி இருக்கும்போது விஜயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். அவன் கையைப் பிடித்திருந்தவர் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, தோளில் ஒரு பை மாட்டியிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஜப்பான்காரர்.

"சாமியே கொண்டாந்து உட்டுச்சு ஹேமா. தரிசனம் முடிச்சிட்டு எறங்கிகினு இருந்தாரு. ஜப்பானான்னு கேட்டேன், ஆமான்னாரு. உன் பிரச்சனைய கையக் காட்டிச் சொன்னேன். வந்துட்டாரு."

கூட்டத்தில் யாரோ, "கேமரா செய்யற ஊர்க்காரரு" என்றார்கள். அது இரண்டாவது வரிசைக்குப் போகும்போது "கேமரா கம்பெனிக்காரரு" ஆனது. சமையல் கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கம்பெனியின் தலைமை எஞ்சினியரே வந்து இறங்கிவிட்டார்.

ஜப்பான்காரர் கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சிவப்புக் கட்டத்தைப் படித்தார். தலையாட்டினார். மெமரி கார்டு போகும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். "ஸ்மால் பிராப்ளம்" என்றார். சட்டென்று அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாதஸ்வரக்காரர் தானாகவே நிறுத்தினார்.

பையிலிருந்து அவர் ஒரு தோல் உறையை எடுத்து விரித்தார். உள்ளே பளபளவென்று வரிசையாகக் கருவிகள் இருந்தன. நீளக் காம்பில் பொட்டளவு கண்ணாடி. நுனி வளைந்த ஊசிகள். மயிரைக்கூடப் பிடிக்கக்கூடிய இடுக்கி. இப்படிப்பட்ட சாமான்களை அந்த ஊரில் எந்த ரிப்பேர்க் கடையிலும் யாரும் பார்த்ததில்லை. அவர் முகக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டார்.

"மூச்சுக்காத்து படக்கூடாது. ஃபேக்டரி ரூலு" என்று விஜயன் எல்லாருக்கும் விளக்கினான். உடனே முன்வரிசையில் இருந்தவர்கள் தாங்களும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் கேமராவின் தலையை மெல்லப் பின்னால் சாய்த்தார். செல்போன் வெளிச்சத்தை விஜயனைப் பிடிக்கச் சொன்னார். கண்ணாடியை உள்ளே விட்டார். ஊசியால் ஒரு பக்கம் தட்டினார், இன்னொரு பக்கம் தட்டினார். கேமரா மூன்று முறை கீச்சிட்டபோது அதைத் தட்டிக்கொடுத்துத் தன் மொழியில் ஏதோ ஆறுதலாகச் சொன்னார். ஹேமாவதிக்கு உடம்பு சிலிர்த்தது. செய்த கைக்கு மட்டும்தான் ஒரு மெஷினிடம் இப்படிப் பேசத் தெரியும் என்று தோன்றியது. தன் வாழ்நாளில் இத்தனை பொறுமையாக நகர்ந்த விரல்களை அவள் பார்த்ததில்லை. மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். அக்கினியில் சுள்ளி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இடுக்கி வெளியே வந்தது. அதன் நுனியில் அரிசிக் குருணையில் பாதி இருக்கும், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கு.

அதைப் பஞ்சின்மேல் வைத்து அவளிடம் நீட்டினார். பிறகு அவளிடமிருந்த பழைய மெமரி கார்டைக் கேட்டு வாங்கி, அதன் ஓரத்தில் சீப்புப் பல் போல இருந்த வரிசையைக் காட்டினார். அதில் ஒன்று உடைந்திருந்தது. உடைந்தது உள்ளேயே தங்கி, புது கார்டைச் சரியாக உட்காரவிடாமல் தடுத்திருக்கிறது. போன் சொன்ன அட்டை மெமரி கார்டேதான். வாரண்டி கார்டைக் கேமரா ஒருநாளும் கேட்கவில்லை.

புது கார்டைப் போட்டாள். சிவப்புக் கட்டம் வரவில்லை.

"கெட்டிமேளம்" என்று புரோகிதர் குரல் கொடுத்தார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் ஹேமாவதி தரையில் நடந்ததாகவே அவளுக்கு நினைவில்லை. தாலி ஏறும் நேரத்தில் அனிதாவின் கண் நிறைந்தது. அந்த நீருக்குள் அக்கினி எரிந்தது. அக்கினிக்குப் பின்னால் கோதண்டபாணி அழுதுகொண்டு நின்றார். எல்லாம் ஒரே படத்தில் விழுந்தது. முன்னால் வெறும் ஃப்ளாஷ் அடித்த வரிசைகளை, "நல்ல வெளிச்சம் இப்பத்தான் வந்துருக்குது" என்று சொல்லி மறுபடி நிற்கவைத்தாள். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை.

கோதண்டபாணி ஜப்பான்காரருக்குப் பொன்னாடை போர்த்தினார். பந்தியில் முதல் இலை அவருக்கு. அவர் எல்லாரையும் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டார், கூச்சத்தோடு மைசூர்பாகு சாப்பிட்டார். இவரைப் பார்த்தாலே தங்கள் கேமராவுக்கு ஆயுசு கூடும் என்று சிலர் செல்போனை அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் அவருடைய டிரைவர் முஸ்தஃபா மூச்சு வாங்க மண்டபத்துக்குள் வந்தான். மலைமேல் கார் நிறுத்த இடம் தேடி அலைந்துவிட்டு, இவ்வளவு நேரம் ஆளைக் காணாமல் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான். பொன்னாடையோடு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹேமாவதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, உங்க சாரு கம்பெனிக்கு நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன், குடுத்துடச் சொல்லுங்க. ஊருல இருக்கறவங்க கைய விரிச்ச பொருள, செஞ்ச எஞ்சினியரே வந்து சரி பண்ணாரு. இத நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

முஸ்தஃபா அவளைப் பார்த்தான், இலைக்குப் பக்கத்தில் இருந்த தோல் உறையைப் பார்த்தான், அவளை மறுபடி பார்த்தான்.

"எந்தக் கம்பெனிம்மா? சோளிங்கர்ல இஸ்கூல் புள்ளைங்களுக்குக் கேம்ப் போட்டுட்டு நேரா வராரு, அவரு பல்லு டாக்டரு."